ஏர் பிஸ்டல் பழகுவோர் கேட்கும் கேள்விகள்

10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தத்தால் சுடும் கைத்துப்பாக்கி) பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியோரும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் நான்கிற்கு இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: பதினான்கு வயதான என் மகள் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். கை நடுங்குகிறது என்று தினமும் வருந்துகிறாள். பயிற்சியாளரோ, "இலக்கைப் பார்க்காதே" என்கிறாராம். இலக்கைப் பார்க்காமல் எப்படிக் குறிபார்ப்பது? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தங்கள் மகளின் கை மட்டுமன்று, ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்களின் கையும் அசையவே செய்கிறது. நீட்டிய ஒற்றைக் கையில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கி நிற்கும் உடலில் மூச்சும் இதயத்துடிப்பும் இருக்கும்வரை அந்த அசைவு முற்றிலும் நிற்காது. பயிற்சியால் அதன் பரப்பு சுருங்கும், அவ்வளவே. ஆகவே கையை அசையாமல் நிறுத்திவிட்டுத்தான் சுட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடச் சொல்லுங்கள்.

பயிற்சியாளர் சொன்னதற்கு அடிப்படை ஒரு கணக்கு. துப்பாக்கியின் முனையில் ஒரு முன்குறியும், கண்ணுக்கு அருகில் நடுவே பிளவுடைய ஒரு பின்குறியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரியாக ஒரே வரிசையில் இருக்க, கை மட்டும் 5 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், பெல்லட்டும் (துப்பாக்கியில் இடும் சிறு குண்டு) அந்த 5 மில்லிமீட்டர்தான் விலகும். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் என்பதால் அது பத்தாகவே எண்ணப்படும். மாறாக, கை நகராமல் முன்குறி மட்டும் பின்குறியின் பிளவுக்குள் 1 மில்லிமீட்டர் ஒதுங்கினால், அந்தச் சிறு கோணப் பிழை 10 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 31 மில்லிமீட்டராக விரிந்து, பத்தை ஏழாக்கிவிடும்.

மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் உள்ள பொருளை மட்டுமே கூர்மையாகக் காணும். இலக்கைத் தெளிவாகப் பார்க்க முயன்றால் குறிகள் மங்கும். அவற்றின் வரிசை குலைந்தாலும் தெரியாது. எனவே முன்குறியின் மேல்விளிம்பு கத்தி முனைபோல் தெளிவாகவும், அதன் இருபுறமும் பின்குறியின் பிளவில் தெரியும் வெளிச்சக் கீற்றுகள் சம அகலமாகவும் இருக்க வேண்டும். இலக்கு ஒரு மங்கலான கருவட்டமாகத் தெரிந்தால் போதும். அந்தக் கருவட்டத்தின் நடுவிலும் குறிவைக்க வேண்டியதில்லை. கருப்பின்மீது கருப்புக் குறி தெரியாது என்பதால், பெரும்பாலோர் வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதியில் முன்குறியை நிறுத்தி, பெல்லட் நடுவில் விழும்படி பின்குறியைத் திருகிச் சரிசெய்துகொள்கிறார்கள்.

கேள்வி: வலக்கையால் சுடுகிறேன். குறி சரியாக இருப்பதாகத் தோன்றும்போதும் பல பெல்லட்டுகள் இடப்புறம் கீழே போய் விழுகின்றன. பின்குறியைத் திருகிவிடலாமா? – ஒரு வாசகர், கோவை

பதில்: திருக வேண்டாம். விழும் இடங்கள் ஒரே நெருக்கமான கூட்டமாக இருந்தால்தான் அது பின்குறியின் வேலை. சில நடுவிலும் சில இடப்புறம் கீழேயுமாகச் சிதறினால், பெரும்பாலும் விசையை (டிரிக்கர்) இழுக்கும் முறையில்தான் பிழை இருக்கும். முன்குறி நல்ல இடத்துக்கு வந்த கணத்தில் "இப்போது" என்று மனம் முந்த, விசைவிரலோடு உள்ளங்கையும் மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன. துப்பாக்கியின் முனை சாய்ந்துவிடுகிறது.

போட்டி விதிப்படி ஏர் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். விசையின் முதல் கட்டத்தை, இலக்குக்கு மேலே உயர்த்திய கை குறியிடத்துக்கு இறங்கும்போதே அழுத்தி முடித்துவிட்டு, இரண்டாம் கட்ட அழுத்தத்தை நேர் பின்னோக்கி, சீராகக் கூட்டிக்கொண்டே போங்கள். குறி சற்று அசைகிறதே என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம், நல்ல இடம் வந்துவிட்டதே என்று அவசரப்படவும் வேண்டாம். குறி நிலைகொண்ட சில நொடிகளுக்குள் விசை விடுபடாவிட்டால் கண்ணும் தோளும் களைத்துவிடும். கையை இறக்கி, மூச்சுவாங்கி, மறுபடியும் தொடங்குங்கள். 60 குண்டுகளுக்கு 75 நிமிடம் தரப்படுகிறது. கையை இறக்கத் தயங்கும் அளவுக்கு அது குறைவான நேரமன்று. விசை விடுபட்ட பின்பும் ஓரிரு நொடி முன்குறியைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். கடைசிக் கணத்தில் குறி எங்கே இருந்தது என்பதை அப்போதுதான் அறிவீர்கள்.

இப்பிழைக்கு நான் மிகவும் நம்பும் மருந்து, இலக்கு அட்டையைத் திருப்பிப் போட்டு அதன் வெறும் வெள்ளைப் பக்கத்தில் சுடுவது. துரத்துவதற்குக் கருவட்டம் இல்லாதபோது கவனம் தானாகவே குறிகளின் வரிசையிலும் விரலிலும் தங்கும். முதல் சில மாதங்களுக்குப் புள்ளிகளை எண்ணுவதைவிட, அந்த வெள்ளைத் தாளில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்ப்பதே பயன் தரும்.

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கி வீரர் யூசுஃப் திகேச் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டாரே, அது தனிப் பாணியா? – ஒரு வாசகர், மதுரை

பதில்: கை பையில் இருந்தது பொது வழக்கம்தான். ஏர் பிஸ்டலை ஒற்றைக் கையால்தான் சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் கூடாது, சுடும் கையில் கைக்கடிகாரம்கூட அணியக் கூடாது. ஆகவே சும்மா இருக்கும் கை ஊசலாடி உடலின் சமநிலையைக் கெடுக்காதபடி அதைப் பையிலோ இடுப்புவாரிலோ செருகிக்கொள்கிறார்கள். 2024 ஜூலை 30 அன்று கலப்பு இரட்டையர் பிரிவில் அவரும் அவருடைய இணையும் வெள்ளி வென்றார்கள். அதே போட்டியில்தான் நம் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள்.

பலரும் வியந்தது, அவர் கண் மறைப்பு இல்லாமல் சாதாரணக் கண்ணாடியோடு இரு கண்களையும் திறந்து சுட்டதைத்தான். புதியவர்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒரு கண்ணை இறுக மூடுவதும் தவறு, குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து களைத்துவிடும். மற்றக் கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டருக்கு மிகாத அகலமுள்ள மறைப்பு வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.

கேள்வி: வாரம் இரண்டு நாள்தான் பயிற்சிக் கூடத்துக்குச் செல்ல முடிகிறது. உடனே சொந்தத் துப்பாக்கி வாங்கி வீட்டிலும் பழகலாமா? – ஒரு வாசகி, சேலம்

பதில்: உடனே வாங்க வேண்டாம். கைப்பிடியின் அளவு உள்ளங்கைக்குச் சரியாகப் பொருந்துவது குறிபார்ப்பதில் பாதி வேலை. எந்த அளவு தங்களுக்கு ஏற்றது என்பது கூடத்துத் துப்பாக்கியில் சில மாதம் பழகிய பிறகே தெரியும். அதுவரை வீட்டில் வெறுங்கையோடு நிற்கும் நிலையைப் பழகலாம்: கண்ணை மூடிக் கையை உயர்த்தி, திறந்து பார்க்கும்போது கை சுவரில் இட்ட புள்ளியிலிருந்து பக்கவாட்டில் விலகியிருந்தால், கையைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

துப்பாக்கி வாங்கிய பின்பு, பெல்லட் இடாமல் விசையை மட்டும் இழுத்துப் பழகுவதற்குப் பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் தனி அமைப்பு உண்டு. அப்படிப் பழகும்போதும், பெல்லட் இல்லை என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வையுங்கள். அப்பால் யாரும் வர வாய்ப்பில்லாத வெற்றுச் சுவரை நோக்கி மட்டுமே நீட்டுங்கள். குறிபார்க்கும் நேரம் தவிர விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பழகி முடித்ததும், உள்ளே பெல்லட் இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழாயில் செருகிப் பெட்டியில் பூட்டிவிடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் சாவி தங்களிடமே இருக்க வேண்டும்.