உயரத்தில் உட்கார்ந்தால் வேகம் தெரியாது: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சின்ன காரை விற்றுவிட்டு எஸ்.யு.வி. (உயரமான பெரிய கார்) வாங்கியிருக்கிறேன். "ரொம்ப வேகமாக ஓட்டுகிறீர்கள்" என்று மனைவி ஓயாமல் சொல்கிறார். எனக்கோ முன்பைவிட நிதானமாக ஓட்டுவதாகத்தான் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?

பதில்: சந்தேகமே வேண்டாம், அவர் சொல்வதுதான். தரையை ஒட்டி உட்கார்ந்தால் சாலை காலடியில் பறக்கும். உயரத்திலிருந்து பார்த்தால் அதே சாலை மெல்ல நகரும். போதாததற்கு உள்ளே சத்தமும் அவ்வளவாகக் கேட்காது. என்னிடம் ஓட்டப் பழக வருகிறவர்களை, மீட்டரைப் பார்க்காமல் வேகத்தைச் சொல்லச் சொல்வேன். உயரமான வண்டியில் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள். கண் பழகும்வரை மனக்கணக்கை நம்பாமல் முள்ளைப் பாருங்கள்.

வண்டி உயரம் என்றால் அதன் ஈர்ப்பு மையமும், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியும், மேலேதான்; வளைவில் எளிதாகச் சாயும். வளைவுக்குள் போனபிறகு பிரேக்கைத் தேடாதீர்கள். நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு நுழையுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. ஓரத்துச் சக்கரங்கள் தாரைவிட்டு மண்ணில் இறங்கிவிடும். பதறிப்போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று திருப்புவார்கள். டயர் தார் விளிம்பில் உரசிக்கொண்டே வந்து, சட்டென்று ஏறும். திருப்பியது திருப்பியபடியே இருப்பதால் வண்டி குறுக்கே பாயும், கவிழ்வது அங்கேதான். சக்கரம் இறங்கினால் இறங்கட்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, மண்ணிலேயே நேராக ஓடவிடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்ததும் பின்னால் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றுங்கள். அப்புறம், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பொத்தானைச் சும்மா அணைத்து வைக்காதீர்கள். வண்டி திசை தவறும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் போட்டு வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பது அதுதான்.

கேள்வி: என் வண்டியில் நான்கு சக்கர இயக்கம் (என்ஜின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் வசதி) இருக்கிறது. மழையில் தைரியமாகப் போகலாம், இல்லையா?

பதில்: கிளம்பலாம், ஏற்றத்தில் ஏறலாம். நிற்க வேண்டாமா? நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எல்லாக் காரிலும்தான் இருக்கிறது. ஈரத்தில் உங்களை நிறுத்தப்போவது டயரின் பிடிப்பு. இழுவை நன்றாக இருப்பதால் சாலை வழுக்குவதே உங்களுக்குத் தெரியாமல் போகும் என்பது கூடுதல் வம்பு.

கேள்வி: டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் குலுங்காமல் போகிறது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்ந்து சூடேறும். 2000-ல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டதுதான் விவகாரம்; குறைந்த காற்றழுத்தமும் அதில் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் அழுத்த அளவுள்ள ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் நிறைந்தால் வேறு அளவு, அதையும் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளக்காதீர்கள். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

கேள்வி: ரிவர்ஸ் கேமரா இருக்கும்போது இறங்கிப் பார்க்கத்தான் வேண்டுமா?

பதில்: வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம். ஒரு பிளாஸ்டிக் வாளியை வண்டிக்குப் பின்னால் ஒட்டி வைத்துவிட்டு டிரைவர் சீட்டில் உட்காருங்கள். யாரையாவது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைக்கச் சொல்லி, கண்ணாடி வழியே எப்போது தெரிகிறது என்று பாருங்கள். பிறகு அதையே பானெட்டுக்கு முன்னாலும் செய்யுங்கள். பின்பக்கத்தையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முன்பக்கம்தான் தூக்கிவாரிப்போடும். கேமரா நல்ல துணைதான், லென்ஸில் சேறு அப்பாதவரை.

கேள்வி: டிம் லைட்டில்தான் போகிறேன். ஆனாலும் எதிரே வருகிறவர்கள் லைட்டை அடித்துக் காட்டுகிறார்களே?

பதில்: உங்கள் விளக்கே உயரத்தில் இருக்கிறது. பின்னால் ஆட்களும் பெட்டிகளும் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் நேரே எதிராளி கண்ணுக்குப் போகும். பல வண்டிகளில் டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னத் திருகி இருக்கும். பாரத்துக்கேற்ப எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும். அதற்கும் சரியாகவில்லையென்றால் மெக்கானிக்கிடம் ஃபோகஸ் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் பளிச்சென்ற பல்பு வாங்கி மாட்டியிருந்தால், அதை எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், முதலில் கழற்றுங்கள்.