ஊட்டச்சத்தை மைனராக எடுத்தால் டயட்டீசியன் ஆகலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய், தொடர்புத்துறையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். அடுத்த செமெஸ்டரில் மைனர், அதாவது முதன்மைப் படிப்போடு சேர்த்து எடுக்கும் துணைப்பாடம், தேர்ந்தெடுக்க வேண்டும், ஊட்டச்சத்து எடுக்க ஆசை, இனிப்புநீரால் (நீரிழிவு) பாட்டியின் கால் விரலை எடுத்ததிலிருந்து அந்த எண்ணம் மனசைவிட்டுப் போகவில்லை, இதை முடித்தால் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் திட்டம் வகுக்கும் டயட்டீசியன் ஆகலாமா என்கிறார். அம்மாவோ "சமையல் படிக்கவா யூனிவர்சிட்டிக்குப் போன?" என்று கேட்கிறாராம்.

தங்கச்சி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், முடியாது. மலேசியாவில் டயட்டீசியன், நியூட்ரிஷனிஸ்ட் (ஊட்டச்சத்து நிபுணர்) இரண்டுமே 2016ஆம் ஆண்டின் 774ஆம் சட்டமான துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வரும் தொழில்கள், அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்து பதிவும் செய்தால்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம். டயட்டெட்டிக்ஸ் முழுப் பட்டமாக நான்கு வருடம் படிக்கிற படிப்பு, அதில் ஆஸ்பத்திரி வார்டில் நின்று பழகும் பயிற்சியும் உண்டு. யூகேஎம், யூபிஎம், யூஎஸ்எம் ஆகிய மூன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. உங்கள் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும் என்றால் மைனர் அதில் 20ஐ ஒட்டித்தான் இருக்கும், நாலைந்து பாடம், ஆறு பாடம், அவ்வளவுதான். ஆக, வார்டில் நோயாளிக்குச் சாப்பாட்டுத் திட்டம் எழுதுவதுதான் உங்கள் கனவு என்றால் படிப்பை மாற்ற முடியுமா என்று இப்போதே விசாரியுங்கள், எஸ்பிஎம்மோடு (ஐந்தாம் படிவத் தேர்வு) அறிவியலை விட்டவர் என்றால் அது சுலபமில்லை, ஆனாலும் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டு யோசிப்பதைவிட இப்போது கேட்பது நல்லது.

அப்படி மாற விருப்பம் இல்லை, தொடர்புத்துறை பிடித்துத்தான் படிக்கிறீர்கள் என்றால், தயங்காமல் இந்த மைனரை எடுங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, அதிலும் இந்தியர்களிடம்தான் விகிதம் அதிகம். கிளினிக் சுவரில் 'சுக்கு சுக்கு செபாரோ' என்று ஒரு தட்டுப் படம் ஒட்டியிருப்பார்கள், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ இறைச்சியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நல்ல படம்தான். ஆனால் நம் வீட்டுத் தட்டில் சோறு, ரசம், ஒரு துண்டு கருவாடு, உருளைக்கிழங்குப் பிரட்டல், இதில் பிரட்டலைக் காய்கறிப் பாதியில் வைத்து "பாதி காய்தானே சாப்பிடுறேன்" என்று சொல்பவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கு சோற்றுக் கணக்கில் சேரும் என்பதைத் தமிழில், நம் தட்டைக் காட்டி, கோபப்படாமல் சொல்ல ஆள் வேண்டும். பேசவும் எழுதவும் வீடியோ எடுக்கவும் பழகிய உங்களைப் போன்றவர்கள் சொன்னால் அது லயத்து வீடு வரைக்கும் போய்ச் சேரும்.

மைனர் எதைக் கற்றுத்தரும் என்று ஒரு டின்னை வைத்தே காட்டுகிறேன். லீவுக்குப் போகும்போது அடுப்படியில் தேத்தண்ணிக்கு வைத்திருக்கும் டின் பாலை எடுத்து லேபலைப் படியுங்கள், பெரும்பாலும் அதில் பால் என்று இருக்காது, 'கிரிமர்' என்றுதான் இருக்கும், சேர்மானத்தில் சீனியும் செம்பனை எண்ணெயும் இருக்கும், அப்புறம்தான் பால் பொடி வகையறா. 100 கிராமுக்கு எவ்வளவு கார்போஹைட்ரேட் என்ற வரியைப் பாருங்கள், பாதிக்கு மேல், அதில் பெரும்பகுதி சீனி. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 20 கிராம், அப்படியானால் கரண்டிக்குப் பத்து கிராம் சீனி. ஒரு மங்கு தேத்தண்ணிக்கு இரண்டு கரண்டி, காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, மொத்தம் அறுபதைத் தொட்டுவிடும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 50 கிராம், முடிந்தால் 25. பாட்டி "நான் இனிப்பே தொடுறதில்ல" என்று சொல்வது பொய்யில்லை, தேத்தண்ணியை அவர் இனிப்பு என்று நினைக்கவே இல்லை.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். நாலு பாடம் படித்தவுடன் சொந்தக்காரர்கள் வரிசையாகக் கேட்பார்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் போகிறவருக்கு "உடம்புக்கு நல்லது, இளநீர் குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டால், அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இருதயத்துடிப்பையே குழப்பிவிடும். உயிருக்கே ஆபத்து. இன்சுலின் போடுகிறவர், சிறுநீரக நோயாளி, கர்ப்பகாலத்தில் சீனி ஏறியவர், இவர்கள் கேட்டால் ஆஸ்பத்திரி டயட்டீசியனிடம் அனுப்புங்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்.

பாடத்தில் உயிர்வேதியியல் இருந்தால் அதுதான் கடினம், பலர் அங்கேதான் திணறுவார்கள். ஐந்தாம் படிவ வேதியியல் புத்தகத்தைத் தேடி எடுத்து லீவிலேயே புரட்டிவிடுங்கள். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் சமூக ஊட்டச்சத்தை விடாதீர்கள், உங்கள் துறைக்கு அதுதான் ஒட்டும். விளையாட்டு ஊட்டச்சத்து பெயரளவில் கவர்ச்சி, உங்களுக்கு இப்போது அவசரமில்லை.

அம்மாவிடம் வாதாடாதீர்கள். அந்த டின்னையும் ஒரு கரண்டியையும் மேசையில் வைத்து, கணக்கை அவரையே போடச் சொல்லுங்கள்.

பதிவு செய்யும்முன் உங்கள் கல்வி ஆலோசகரிடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: முன்தேவைப் பாடம் ஏதும் உண்டா, மைனரால் ஒரு செமெஸ்டர் கூடுமா. பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் படிப்புக் காலத்தைக் கணக்கிட்டுத்தான் வரும், கூடுகிற செமெஸ்டருக்கான வெள்ளி அப்பாவின் சம்பளத்திலிருந்து போகிற மாதிரி ஆகிவிடக் கூடாது.