டெஸ்க்டாப் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் வாங்கலாமா? முதலில் ரீல்களை எண்ணுங்கள்

கேள்வி: கோவையில் சிறிய அளவில் தண்ணீர்த் தொட்டி லெவல் கன்ட்ரோலர், மோட்டார் ஸ்டார்ட்டர் போர்டுகள் செய்து வருகிறோம். மொத்தம் ஐந்து மாடல். மாதம் 500 போர்டு வரை போகிறது. ஒரு போர்டில் எஸ்.எம்.டி. பாகங்கள் (போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் சிறு பாகங்கள்) மட்டும் சுமார் 70 இருக்கும். பெரும்பாலும் 0603, 0805 அளவுப் பாகங்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர். இரண்டு பெண்கள் ட்வீசரால் எடுத்து வைக்கிறார்கள். ஆர்டர் கூடினால் சமாளிக்க முடியாது போலிருக்கிறது. சீனாவிலிருந்து மேசை மேல் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷின் (பாகங்களைத் தானே எடுத்துப் போர்டில் வைப்பது) இறக்கினால் எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சத்துக்குள் முடியும் என்கிறார்கள். வாங்கலாமா? எங்கள் ஆட்களே ஓட்டிவிடுவார்களா, இல்லை தனியாக ஒரு இன்ஜினியர் போட வேண்டுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஐந்து மாடல்களின் பாகப் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, மொத்தம் எத்தனை வகை ரீல் (பாகங்கள் டேப்பில் சுற்றி வரும் சுருள், ஒரு வகைக்கு ஒன்று) வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். மெஷின் தினமும் ஓடுமா, துணி போர்த்தி மூலையில் நிற்குமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது.

நேரக் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 500 போர்டு, போர்டுக்கு 70 பாகம் என்றால் மாதம் 35,000 பாகங்கள். கை பழகியவருக்கு ஒரு பாகத்துக்கு எட்டு விநாடி என்று வைத்தால் 78 மணி நேர வேலை. மெஷின் விளம்பரத்தில் மணிக்கு 4000, 5000 என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பாகத்தையும் கீழிருந்து காமிரா பார்த்து, சரிசெய்து வைக்கும்போது அந்த வேகம் வராது. நடுவில் பாகம் எடுக்கத் தவறி நிற்பது, பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசில் அடைப்பது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 1500 என்று கணக்கு வைப்பதுதான் பத்திரம் என்பது என் அனுபவம். அப்படிப் பார்த்தால் உங்களுக்கு மாதம் 23, 24 மணி நேரம் ஓட வேண்டியிருக்கும். நல்ல லாபம்தான். ஆனால் ரீல் மாட்டும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை. மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் தின்றுவிடுவது அதுதான்.

எங்கள் பட்டறையில் முதல் மெஷின் வந்தபோது மூன்று போர்டுகளுக்கும் சேர்த்து 41 வகைப் பாகங்கள் இருந்தன. மெஷினில் ரீல் மாட்டும் இடம் (ஃபீடர்) 29. ஒரு போர்டு முடிந்து அடுத்தது போடும்போதெல்லாம் பத்துப் பதினைந்து ரீல்களைக் கழற்றி வேறு மாட்டுவோம். ரீலை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. டேப்பின் முனையைச் சரியாக வெட்ட வேண்டும், மேலே ஒட்டியிருக்கும் கவர் டேப்பை ஒரு ஜாண் உரித்து அதன் சுருளில் கோக்க வேண்டும், பாகம் எடுக்கும் இடத்தைக் காமிராவில் பார்த்துப் பதிய வேண்டும், நான்கைந்து பாகம் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். அரை நாள் போய்விடும். ஐம்பது போர்டுக்கு அரை நாள் ரீல் மாட்டினால் ட்வீசரே மேல் என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி.

அப்புறம் மூன்று சர்க்யூட்டையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒன்றில் புல்-அப் ரெசிஸ்டருக்கு 4.7 கே (கிலோ ஓம்), இன்னொன்றில் 5.6 கே, மூன்றாவதில் 10 கே. மூன்றையும் 10 கே ஆக்கினோம். எல்.இ.டி.க்கு 820 ஓம், 1 கே, 1.2 கே என்று இருந்ததை 1 கே ஆக்கினோம். 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒரு போர்டில் 0603, மற்றதில் 0805. எல்லாவற்றையும் 50 வோல்ட் 0603 ஆக மாற்றினோம். 5 கே தேவைப்பட்ட இடத்தில் இரண்டு 10 கே-யை இணையாகப் போட்டோம். கடைசியில் 26 வகையில் வந்து நின்றது. அன்றிலிருந்து ரீலைக் கழற்றியதே இல்லை. தீர்ந்தால் மாற்றுவதோடு சரி. மெஷின் உண்மையில் பயன்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

நீங்களும் இதைச் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: 230 வோல்ட் பக்கம் இருக்கும் ரெசிஸ்டர்களில் கை வைக்காதீர்கள். சாதாரண 0805 ரெசிஸ்டர் தாங்குவது 150 வோல்ட், 1206 தாங்குவது 200 வோல்ட். ஸ்டார்ட்டர் போர்டில் இரண்டு மூன்று ரெசிஸ்டர் தொடராகப் போட்டிருந்தால் காரணத்தோடுதான் போட்டிருப்பார்கள். ரீல் மிச்சம் என்று ஒன்றாகச் சுருக்கினால் வயலில் போய் எரியும்.

எந்த மெஷின் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கீழ்நோக்கும் காமிரா, மேல்நோக்கும் காமிரா இரண்டும் இல்லாத எதையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். மைக்ரோகன்ட்ரோலரின் கால்கள் 0.8 மி.மீ. இடைவெளியில் இருக்கும், கண்ணில்லாத மெஷினை நம்பி அதை வைக்க முடியாது. உங்கள் விலைக்குள் வருவதில் சார்ம்ஹை சிஎச்எம்-டி36விஏ இரண்டு தலையும் 29 ஃபீடர் இடமும் கொண்டது. நாசிலை நாம்தான் கையால் மாற்ற வேண்டும். நியோடென் ஒய்ஒய்1 நாசிலைத் தானே மாற்றிக்கொள்ளும். லூமென்பிஎன்பி திறந்த வடிவமைப்பு. பழுது வந்தால் பல பாகங்களை நாமே செய்துகொள்ளலாம், ஆனால் அமைத்து ஓட்டப் பொறுமையும் மெக்கானிக்கல் கையும் வேண்டும். அது ஓடுவது ஓபன்பிஎன்பி என்ற இலவச மென்பொருளில். சார்ம்ஹை மெஷினையும் அதில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் போர்டுக்கு டி36விஏ போதும். சிறிய பாகங்களுக்கு 503 எண் நாசில் ஒரு தலையில், ஐ.சி.க்களுக்கு 505 இன்னொன்றில் என்று மாட்டிவிட்டால் நடுவில் நிறுத்தி மாற்ற வேண்டிய வேலையே இல்லை. பாகங்களைச் சுருக்கும்போது இதையும் மனதில் வையுங்கள்.

இந்த விலை மெஷின்களில் தொல்லை வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான், டேப்பை இழுக்கும் இடத்தில். டி36விஏ போன்றவற்றில் ஒவ்வொரு ஃபீடருக்கும் தனியாக இழுக்கும் மோட்டார் கிடையாது. தலையில் இருக்கும் ஒரு மெல்லிய ஊசி கீழே இறங்கி, டேப்பின் ஓர ஓட்டையில் நுழைந்து, 4 மி.மீ. இழுத்துவிட்டு மேலே போகும். அதே சமயம் பின்னால் ஒரு உருளை கவர் டேப்பைச் சுருட்டும். சுருட்டும் இழுவை கூடினால் டேப் வெடுக்கென்று உதறும். குழிக்குள் படுத்திருந்த 0603 கப்பாசிட்டர் விளிம்பில் எழுந்து நிற்கும், இல்லையென்றால் பக்கத்து ஃபீடருக்குத் தாவிவிடும். இழுவை குறைந்தால் கவர் டேப் உரியாது, நாசில் பிளாஸ்டிக்கை முட்டும். ரீல் எங்காவது இறுகியிருந்தால் ஊசி வளையும். புது ரீல் மாட்டியதும் பத்து முறை வெறுமனே முன்னால் நகர்த்தி, பக்கவாட்டில் குனிந்து, பாகங்கள் குழியில் அசையாமல் வருகின்றனவா என்று பாருங்கள். இந்த இரண்டு நிமிடம் பின்னால் இரண்டு மணி நேரத்தைக் காப்பாற்றும். இழுக்கும் ஊசி நான்கைந்து, நாசில் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு, வேக்குவம் டியூப், பெல்ட் இவற்றை மெஷினோடு சேர்த்தே வரவழைத்துவிடுங்கள். தனியாக வரவழைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காகித டேப்பில் வரும் ரெசிஸ்டர்களால் இன்னொரு தொல்லை உண்டு. காகிதத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக நாசில் ஓட்டையில் ஏறும். 503 நாசிலின் உள் ஓட்டை 0.6 மி.மீ.தான். மெஷின் பாகத்தை எடுக்கும், போகிற வழியில் நழுவவிடும். திரையில் பார்த்தால் காமிராப் பிழை போலத் தெரியும். செட்டிங்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரியாவிட்டால் ஐ.பி.ஏ. (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

முதல் போர்டை சோல்டர் பேஸ்ட் போடாமல் ஓட்டுங்கள். வெறும் போர்டின் மேல் இருபக்க ஒட்டு டேப்பை ஒட்டிவிட்டு மெஷினை ஓடவிட்டால் பாகங்கள் வைத்த இடத்திலேயே நிற்கும். அதை லென்சில் நிதானமாகப் பார்க்கலாம். திசை தவறு அங்கேயே தெரிந்துவிடும். டிசைன் மென்பொருளில் பூஜ்யம் டிகிரி என்பதும் டேப்பில் பாகம் படுத்திருக்கும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. டயோடு, எல்.இ.டி. இரண்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறி வரும். நாங்கள் ஒரு முறை வேறு தயாரிப்பாளரின் எல்.இ.டி. ரீலை மாட்டிவிட்டுப் மெஷினில் இருந்த பழைய ஃபைலையே ஓட்டினோம். நாற்பது போர்டு ரீஃப்ளோ அவனுக்குள் (பேஸ்ட்டை உருக்கிப் பாகங்களைப் பற்றவைக்கும் அடுப்பு) போய் வந்த பிறகுதான் ஒரு விளக்கும் எரியவில்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து தயாரிப்பாளர் மாறினால் ஒட்டு டேப் சோதனை கட்டாயம்.

போர்டு டிசைனிலும் இரண்டு மாற்றம் வேண்டும். பேனலின் மூலைகளில் மூன்று ஃபிடூஷியல் (அடையாளப் புள்ளி) வையுங்கள்: 1 மி.மீ. வட்டச் செம்பு, அதைச் சுற்றி 3 மி.மீ. வரை சோல்டர் மாஸ்க் இல்லாமல். மெஷின் போர்டின் இருப்பிடத்தைப் பிடிப்பது இதை வைத்துத்தான். சாதாரண டின் பூச்சில் இந்த வட்டம் குமிழ் மாதிரி மேடிட்டு ஒளியைச் சிதறடிக்கும். காமிரா தடுமாறினால் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். இரண்டாவது, நான்கு போர்டைச் சேர்த்து ஒரு பேனல் ஆக்குங்கள். 280 பாகங்கள், பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்தில் ஓட்டுபவர் அடுத்த பேனலுக்குப் பேஸ்ட் தேய்க்கலாம், போன பேனலைப் பார்த்து ரீஃப்ளோ அவனுக்கு அனுப்பலாம். பேனலின் நடுவில் அடியில் தாங்கு ஊசிகள் வைக்க மறக்காதீர்கள். நடுவில் தொய்ந்த போர்டை நாசில் அழுத்தும்போது அது துள்ளும். ஏற்கெனவே வைத்த பாகங்கள் எல்லாம் நகர்ந்துவிடும்.

மூன்றரை லட்சம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கையால் வைக்கும்போது பேஸ்ட் கொஞ்சம் கோணலாக விழுந்தாலும் உங்கள் ஆட்கள் பார்த்துச் சரிசெய்துவிடுவார்கள். மெஷின் செய்யாது. ஆகவே ஃபிரேமில் இழுத்துக் கட்டிய 0.12 மி.மீ. ஸ்டென்சில் (பேஸ்ட் தேய்க்கும் ஓட்டைத் தகடு), அதைப் பிடிக்கும் கை பிரிண்டர், ஒழுங்கான அவன் மூன்றும் வேண்டும். பேஸ்ட்டை ஃபிரிட்ஜில் 10 டிகிரிக்குள் வைத்து, வேலைக்கு நான்கு மணி நேரம் முன்பே எடுத்து, மூடியைத் திறக்காமல் வெளியே வையுங்கள். குளிராகத் திறந்தால் ஈரம் பிடித்து அவனில் பொரியும். ஈயம் கலந்த 63/37 பேஸ்ட் 183 டிகிரியில் உருகும். ஈயம் இல்லாத எஸ்.ஏ.சி.305 உருக 217 முதல் 220 ஆகும், உச்சம் 240 டிகிரியாவது தொட வேண்டும். அவன் திரை காட்டும் எண்ணை நம்பாமல், ஒரு தெர்மோகப்பிளைப் போர்டிலேயே ஒட்டி அளந்து பாருங்கள்.

இடத்தைப் பற்றி: ஆடும் மர மேசை ஆகாது. ஆங்கிள் இரும்பில் பற்றவைத்த சட்டத்தின் மேல் கடப்பைக்கல் பலகை போட்டால் பிரமாதமாக நிற்கும், எங்களுடையது அப்படித்தான். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளக்கவும். ஆன்லைன் யு.பி.எஸ். வையுங்கள், பாதி பேனலில் கரண்ட் போனால் பேஸ்ட்டைத் துடைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் மைக்ரோகன்ட்ரோலர் பாக்கெட்டைப் பிரித்துப் போட்டு வைக்காதீர்கள். எம்.எஸ்.எல். (ஈரத்தால் கெடும் நிலை) 3 என்று போட்டிருந்தால், 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரம்தான் வெளியே இருக்கலாம். அதற்கு மேல் ஆனால் அவன் சூட்டில் உள்ளுக்குள் விரிசல் விடும். ரீலோடு 125 டிகிரியில் காயவைக்கவும் முடியாது, டேப் உருகிவிடும். தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள்.

இறக்குமதிக்கு உங்கள் பெயரில் ஐ.இ.சி. (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு) எண் வேண்டும். இறக்குமதியின்போது ஐ.ஜி.எஸ்.டி. கட்டியதை, ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். சுங்க வரி எவ்வளவு என்பதைப் பணம் அனுப்பும் முன்பே சுங்க ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, யார் ஓட்டுவது? தனி இன்ஜினியர் வேண்டாம். இப்போது கையால் வைக்கும் அந்த இருவரில் ஒருவருக்கே கற்றுக்கொடுங்கள். கோப்பு தயாரிப்பது, முதல் முறை அளவு பிடிப்பது இவற்றை நீங்கள் செய்து கொடுத்தால் போதும். போர்டைப் பார்த்ததும் எங்கே என்ன தப்பு என்று கண்ணில் படுவது மாதக்கணக்கில் அதையே வைத்துப் பழகியவர்களுக்குத்தான். எங்கள் மெஷினை ஓட்டுபவர் பத்தாவது படித்த ஒரு அக்கா. நாசில் அடைத்திருப்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். மெஷின் வந்தால் வேலை போய்விடுமோ என்று உங்கள் ஆட்களுக்குப் பயம் இருக்கும். மெஷின் வருவதற்கு முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். ஒருவர் மெஷினில், ஒருவர் பேஸ்ட்டிலும் சோதனையிலும் என்று பிரித்துக் காட்டுங்கள். முதல் மாதம் ஐந்து மாடலையும் ஏற்ற வேண்டாம். அதிகம் போகும் ஒரே ஒரு போர்டை மட்டும் மெஷினில் ஓட்டிவிட்டு, மற்ற நான்கையும் வழக்கம்போல ட்வீசரிலேயே செய்யட்டும்.