கொறங்காடும் முதுகலைப் படிப்பும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மூலனூர் பக்கம். வேலையை விட்டுவிட்டு இயற்கை வளப் பாதுகாப்பில் முதுகலை படிக்க நினைக்கிறேன். வீட்டில் எதிர்ப்பு. இந்தியாவில் படிக்கலாமா, வெளிநாடு போகலாமா? வேலை கிடைக்குமா? எங்கள் ஊரில் ஏக்கர் ஏக்கராக நிலம் தரிசாகக் கிடக்கிறது. படித்து வந்து, மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டி, அங்கே அடர்வனம் உருவாக்க வேண்டும் என்பது என் கனவு.

க.

அன்புள்ள க.,

ஐந்து வருடம் சம்பாதித்தவர் வீட்டு எதிர்ப்பை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். வெளிநாடு அப்புறம். டேராடூனில் இந்திய வன உயிரின நிறுவனமும் வன ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையம். இங்கேயே மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி. உங்கள் பட்டத்தை எங்கே ஏற்பார்கள் என்று விசாரியுங்கள். வேலை கிடைக்கும், இப்போதைய சம்பளம் கிடைக்காது. சரி, அது முடிந்தது.

தரிசு என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே நின்றுவிட்டேன். வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். மூலனூர்க்காரர் எழுதலாமா?

அது கொறங்காடு, வேலி கட்டிக் காத்த மேய்ச்சல் நிலம். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் என்று அந்த மழை குறைந்த பூமி முழுக்க இருப்பது. புறம்போக்கு இல்லை, பெரும்பாலும் பட்டா நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்து பொடியானாலும் வேர் சாகாது, ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். புல் தீர்ந்த நாட்களில் வெள்வேலங்காய் ஆடுகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். ஒரு காட்டில் மேயவிட்டு, படலைச் சாத்திவிட்டு, அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில் வளர்ந்தவை. நீங்கள் போய் விழிப்புணர்வு ஊட்டப்போகிற மக்கள்தான் இதையெல்லாம் செய்தவர்கள். எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடர்வனம் என்கிறீர்கள். கொழுக்கட்டைப்புல்லுக்கு வெயில் வேண்டும். நெருக்கி மரம் வைத்தால் முதலில் சாவது அதுதான். பிறகு கௌதாரி போகும், ஆடு போகும், ஆட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவார். பசுமையாக இருக்கிறது என்று நாம் படம் எடுத்துப் போடலாம்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2000-இல் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே புதர் நிலமும் சேர்ந்துதான் இருக்கிறது. ஒருமுறை தரிசு என்று எழுதிவிட்டால் போதும், பிறகு அதில் என்ன செய்தாலும் முன்னேற்றம்தான். மரம் வைக்கலாம், சோலார் தகடு பதிக்கலாம், மனை போடலாம்.

நானும் அப்படி எழுதியவன்தான். 1995-இல் வேளாண்மைப் பட்டத்தோடு ஊருக்குப் போனேன். என் அப்பிச்சிக்கு, அம்மாவின் அப்பாவுக்கு, ஆறு ஏக்கர் கொறங்காடு. சும்மா கிடக்கிறதே, போர்வெல் போட்டு மக்காச்சோளம் வைத்தால் என்ன என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "படிச்ச பையன் சொல்றான், பாக்கலாம்" என்றார். இரண்டு பக்கத்து கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டோம். மேய்ச்சலுக்கு இடமில்லாமல் மாடுகளைக் கன்னபுரம் சந்தைக்கு ஓட்டிப் போனார். ஒரு மயிலைப் பசுவை மட்டும் விற்க மனமில்லாமல் திருப்பி ஓட்டி வந்தார். சோளத்தட்டைப் போட்டால் மோந்து பார்த்துவிட்டு நிற்கும். முதல் இரண்டு வருடம் நல்ல விளைச்சல், ஊரே என்னிடம் யோசனை கேட்டது. 2003-இல் போர்வெல் வறண்டது. அடுத்த மழைக்கு வந்தது பார்த்தீனியக் களை. அதற்குள் கடன் மூன்று லட்சம்.

அப்பிச்சி அந்தக் காட்டு வரப்பில் உட்கார்ந்து, "புல்லு இனி வருமா கண்ணு?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நான் படித்தவன், எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டார். அதுதான் இன்றுவரை தாங்கவில்லை.

படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். வரைபடம் போடவும் மண்ணை அளக்கவும் நீங்கள் கற்றுக்கொண்டால், எஞ்சியிருக்கிற கொறங்காட்டைக் கணக்கெடுக்க ஓர் ஆள் கிடைத்த மாதிரி. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு மாதம் விடுப்பெடுத்து ஊருக்குப் போங்கள். ஆடு ஓட்டுகிற யார் பின்னாலாவது நடந்து, பத்துப் புல்லுக்குப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவரை மாமா என்று கூப்பிடுங்கள், ஐயா போட்டால் பேசமாட்டார்.

போன ஐப்பசியில் கம்பி வேலியை ஒட்டி நாற்பது கிளுவைக் கிளைகளை வெட்டிப் போத்தாக நட்டோம். பதினேழு துளிர்த்திருக்கின்றன. நீங்கள் வந்தால் காட்டுகிறேன்.