இருபத்தாறு நாட்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கியின் வாழ்க்கை வரலாற்றை வாசித்து முடித்தேன். வீட்டில் நோயாளி மனைவி, பாரிஸில் காதலி சுஸ்லோவா, சூதாட்டம், கடன். இத்தனை கொந்தளிப்பு இல்லாமல் அந்த நாவல்கள் வந்திருக்காது என்றே தோன்றுகிறது. அவரை எழுதவைத்தது சுஸ்லோவா; இரண்டாவது மனைவி அன்னா வீட்டைப் பார்த்துக்கொண்டவர், அவ்வளவுதான். சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

‘சூதாடி’ நாவலின் நாயகி பொலினாவில் சுஸ்லோவாவின் சாயல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாவலின் கருவை தஸ்தயெவ்ஸ்கி ரோமிலிருந்து நண்பருக்கு எழுதியது 1863 செப்டம்பரில், சுஸ்லோவாவோடு சுற்றிக்கொண்டிருந்தபோது. மூன்று வருடம் அது கருவாகவே கிடந்தது. நீங்கள் சொல்லும் கொந்தளிப்புக்கு அந்த மூன்று வருடத்தில் குறைவே இல்லை.

1864 ஏப்ரலில் மனைவி மரியா காசநோயில் இறந்தார். ஜூலையில் அண்ணன் மிகயில். அண்ணனின் பத்திரிகைக் கடன், அண்ணி, பிள்ளைகள், மரியாவின் முதல் கணவருக்குப் பிறந்த பாஷா எல்லாம் இவர் தலையில் விழுந்தன. அண்ணன் தரவேண்டும் என்று யார் வந்து நின்றாலும் சரிபார்க்காமல் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அதில் பொய்க்கடன்களும் இருந்தன. நாவல்களைவிட அதிக வருடம் அவரைத் தின்றது அந்தக் கையெழுத்துதான்.

1865இல் பதிப்பாளர் ஸ்டெல்லோவ்ஸ்கி 3000 ரூபிளுக்கு ஒப்பந்தம் போட்டார். 1866 நவம்பர் 1க்குள் புதிய நாவல் வராவிட்டால், ஒன்பது வருடங்களுக்கு இவருடைய எழுத்தையெல்லாம் காசு தராமலே அச்சிடலாம். ‘குற்றமும் தண்டனையும்’ தொடராக வந்துகொண்டிருந்ததால் அக்டோபர் பிறந்தபோதும் புதிய நாவலில் ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

அக்டோபர் 4 அன்று இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண் அன்னா வந்தார். இரவில் இவர் குறிப்பெழுதி வைப்பார். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணிக்குள், இடையிடையே பேச்சும் ஓய்வுமாக, சொல்லச் சொல்ல அன்னா எடுத்துக்கொள்வார். வீட்டுக்குப் போய் நல்ல பிரதி எழுதி மறுநாள் கொண்டுவருவார், இவர் திருத்துவார். எத்தனை பக்கம் ஆயிற்று என்பது தினமும் கண்முன் இருந்தது. 29ஆம் தேதி ‘சூதாடி’ முடிந்தது.

கெடு நாளில் ஸ்டெல்லோவ்ஸ்கி ஊரில் இல்லை. அவருடைய அலுவலகத்தில் பிரதியை வாங்க மறுத்தார்கள். இப்படி நடக்கலாம் என்று அன்னா முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு வைத்திருந்தார். அதன்படி காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள், இரவு பத்து மணிக்கு. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் இறுதிப் பகுதியையும் அதன்பின் அன்னாவுக்குச் சொல்லித்தான் முடித்தார்.

1867 பிப்ரவரியில் திருமணம். உறவினர்களின் கை எப்போதும் நீண்டபடியே இருந்ததால், அன்னா தன் சீர்ப் பொருட்களை அடகு வைத்து அவரை வெளிநாட்டுக்கு அழைத்துப் போனார். ஜெர்மனியின் பாடன்-பாடனில் சூதாட்டம் மறுபடி தொற்றிக்கொண்டது. திருமண மோதிரம், காதணி, உடுப்பு வரை அடகுக்குப் போயின. அன்னா அப்போது கர்ப்பிணி. ஜெனிவாவில் பிறந்த சோனியா மூன்று மாதத்தில் இறந்தாள். இந்தப் பகுதியைக் கலையின் விலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது ஒரு பெண்ணுக்கு இழைத்த கொடுமை. 1871இல் அவர் சூதை விட்டார். 1872 முடிவோடு ஜெர்மன் சூதாட்டக் கூடங்களும் சட்டப்படி மூடப்பட்டன. மூடாதிருந்தால் அந்த மன உறுதி நிலைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ரஷ்யா திரும்பியதும் கடன்காரர்கள் சிறை மிரட்டலோடு வந்தார்கள். அன்னா கணவரை விலக்கிவிட்டுத் தானே பேசினார்: வீடு என் பெயரில், தட்டுமுட்டுச் சாமான் தவணையில் வாங்கியது, எதையும் ஜப்தி செய்யமுடியாது. அவரைச் சிறையில் போட்டால் சாப்பாட்டுச் செலவு உங்களுடையது, பணமும் வராது. தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள்.

1873இல் ‘பேய்கள்’ நாவலின் 3500 பிரதிகளை அன்னாவே அச்சிட்டு வீட்டிலிருந்து விற்றார். கடைக்காரர்களுக்கு எத்தனை சதவீதம் கழிவு என்பதையெல்லாம் முன்பே விசாரித்திருந்தார். விளம்பரம் வந்த முதல் நாளே 115 பிரதிகள் போயின. கடன் முழுக்க அடைந்தபோது தஸ்தயெவ்ஸ்கிக்கு வாழ்வில் மிஞ்சியிருந்தது ஏறத்தாழ ஒரு வருடம்.