சின்ன நாயின் வாய் நாற்றம்: காசை எதில் போடுவது?

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்கு ஏழு வயது. சில மாதங்களாக வாய் நாறுகிறது, கடைவாய்ப் பற்களில் பழுப்பாகக் காரை படிந்திருக்கிறது. ஆனால் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். முடி வெட்டிவிடும் இடத்திலோ, மயக்கமே வேண்டாம், பாதிச் செலவில் சுரண்டித் தருகிறோம் என்கிறார்கள். தண்ணீரில் கலக்கும் திரவம், மெல்லும் குச்சி என்று வேறு விற்கிறார்கள். எதற்குச் செலவு செய்வது?

பதில்: மருத்துவர் சொல்வதற்குச் செய்யுங்கள். மயக்கமில்லாத சுரண்டல் வேண்டவே வேண்டாம்.

முதலில் நீங்களே ஒன்று பாருங்கள். அவள் மடியில் இருக்கும்போது மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்கி, பின்பக்கத்துப் பெரிய பல்லைக் கவனியுங்கள். உமிழ்நீர்க் குழாய் அங்கேதான் திறக்கிறது, அதனால் காரையும் அங்கேதான் அதிகம் சேரும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சிவப்பு நூல் ஓடியது போலத் தெரிந்தால் ஈறு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பிடித்தால் முழுக்கச் சரியாகும். அதைத் தாண்டி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிட்டால் திரும்ப வராது. அந்தக் கரைதல் ஈறுக்கு அடியில் நடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ரே கேட்பது அதற்காகத்தான்.

மேலே தெரியும் காரையைச் சுரண்டினால் பல் வெள்ளையாகும், நோய் அடியில் அப்படியே இருக்கும். விழித்திருக்கும் நாய் ஈறுக்குள் கருவி விட அனுமதிக்காது. போதாததற்கு, சுரண்டிய பல்லைச் சரியாக மெருகேற்றாவிட்டால் அந்தச் சொரசொரப்பில் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டும். வெள்ளைப் பல்லைப் பார்த்து நிம்மதியாக ஒரு வருடம் விட்டுவிடுவோம் பாருங்கள், அதுதான் என் பயம்.

சின்ன இனங்களுக்கு இது ஏன் அதிகம்? பெரிய நாய்க்கு இருக்கும் அதே 42 பல் இந்தக் குட்டித் தாடையிலும் முளைக்க வேண்டும். நெருக்கிக்கொண்டு, கோணலாக நிற்கும். விழாத பால்பல்லும் சிலவற்றில் பக்கத்திலேயே இருக்கும். கீழ்த்தாடை எலும்பும் மெல்லியது. நோய் முற்றினால், கட்டிலிலிருந்து குதித்ததிலேயே தாடை முறிந்துபோகக்கூடும்.

நன்றாகச் சாப்பிடுவதை நம்பாதீர்கள். நாய்கள் பல்வலியோடும் சாப்பிடும். ஒரு பக்கமாக மெல்வது, கவ்வியதைக் கீழே போடுவது, பொம்மையில் ரத்தக்கறை, இவைதான் துப்பு. கண்ணுக்குக் கீழே வீக்கம் வந்தால் மேல்கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கலாம், அன்றே கூட்டிப் போங்கள்.

மயக்க மருந்து பற்றிய பயம் நியாயமானது. முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை உண்டா, மயக்கத்தில் இருக்கும்போது யார் கண்காணிப்பார், உடல் சூட்டை எப்படிக் காப்பார்கள் (சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும்), பல் பிடுங்க நேர்ந்தால் எவ்வளவு கூடும் என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வீட்டில். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், நாய்களுக்கென்றே செய்த பேஸ்ட், இரண்டும் போதும். நம் பேஸ்ட் கூடவே கூடாது. சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாய்க்கு விஷம். தினமும் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பல்லில் படியும் அழுக்குப் படலம் இரண்டு மூன்று நாளிலேயே காரையாக இறுகத் தொடங்கிவிடும். வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தாலே பெரிய உதவி. ஆனால் இப்போதே ஆரம்பிக்காதீர்கள். புண்ணான ஈறில் பிரஷ் பட்டால் வலிக்கும், பிறகு பிரஷைக் கண்டாலே ஓடுவாள். சுத்தம் செய்து ஈறு ஆறியதும், முதலில் விரலில் பேஸ்ட்டை நக்கக் கொடுத்துப் பழக்குங்கள்.

குச்சியும் திரவமும் பிரஷுக்குத் துணைதான், மாற்றல்ல. வாங்குவதென்றால் உறையில் 'விஓஹெச்சி' (VOHC, விலங்குகளின் வாய் நலத்துக்கான கால்நடை மருத்துவக் குழு) முத்திரை இருக்கிறதா பாருங்கள். படலத்தையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருளுக்கே அது கிடைக்கும். மான்கொம்பு, குளம்பு, காய்ந்த எலும்பு எதுவும் வேண்டாம், பல்லே பிளந்துவிடும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் அவளுக்கு மெல்லக் கொடுக்காதீர்கள்.