பழைய எனாமல் பலகையில் வாட்டர் பேஸ் எழுத்து உரிகிறது

பழைய ஆயில் எனாமல் பலகையில் வாட்டர் பேஸ் (தண்ணீர் கலந்து அடிக்கும்) பெயின்ட்டால் எழுதிய எழுத்து தோல் தோலாக உரிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வெளியில் மாட்டும் பலகைக்கு டப்பாவில் '100% அக்ரிலிக்' என்று போட்ட எக்ஸ்டீரியர் பெயின்ட்தான் வேண்டும். உட்சுவர் எமல்ஷனும் போஸ்டர் கலரும் வெயில் மழைக்கு நிற்காது.

ஆனால் எழுத்து உரிவதற்குக் காரணம் அநேகமாக அடியில் இருக்கும் பழைய ஆயில் எனாமலின் பளபளப்பு. அந்த வழவழப்பில் வாட்டர் பேஸ் சரியாகப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் பிசுக்கு போகக் கழுவுங்கள். காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை தேய்த்து, பிரைமர் (பெயின்ட் பிடிக்க உதவும் அடிப்பூச்சு) ஒரு கோட் கொடுங்கள்.

முழுதும் எழுதுமுன் ஓரத்தில் ஒரு பட்டை அடித்து ஒரு வாரம் காயவிடுங்கள். பிளேடால் சின்னச் சின்னக் கட்டமாகக் கீறி, செலோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் தேய்த்தது போதவில்லை.

பிரஷ் இழுபடுகிறதே என்று தண்ணீரை ஊற்றாதீர்கள், படலம் பலமிழந்துவிடும். பெயின்ட் சீக்கிரம் காயாமல் தாமதப்படுத்தும் அக்ரிலிக் ரிடார்டர் சில சொட்டு போதும்.

ஒட்டுவது சரியானாலும், பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் மற்ற நிறங்களுக்கு முன்பே வெளுக்கும். இரும்பு ஆக்சைடு கலந்த காவிச் சிவப்பு நெடுநாள் தாங்கும். மேலே அடிக்கும் யூவி வார்னிஷ் (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு) வெளுப்பைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.